சத்தமில்லாத ஷட்டர்

மரக்காணம் பக்கம் கல்யாணம் என்றால் இப்போதெல்லாம் உப்பளத்தில் படம் எடுக்காமல் முடிவதில்லை. அப்படித்தான் திருமணத் திருப்பலிக்கு மறுநாள் காலை ஒரு ஜோடியை அங்கே அழைத்துப் போயிருந்தேன். மாப்பிள்ளைக்கு அன்று சாயங்காலம் துபாய்க்கு விமானம்.

உப்புக் குவியல் பக்கத்தில் நிற்கவைத்து நாலைந்து படம் எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் கீழே கறுப்பாக ஒரு பட்டை. கேமராவுக்குள் திறந்து மூடும் ஷட்டர் தகடு சரியாக நகராமல் சிக்குகிறது என்று புரிந்தது. கையில் வேறு கேமரா இல்லை.

"என்னக்கா, எதனா பிரச்சனையா?" என்றாள் பெண்.

"ஒண்ணுமில்லம்மா, செட்டிங் மாத்துறேன்."

தகடுகள் அசையாமலே படம் பிடிக்கும் எலெக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றினேன். பட்டை போனது. கூடவே க்ளிக் சத்தமும் போனது. நான் எடுத்து முடித்தது தெரியாமல் இருவரும் சிரித்த முகத்தோடு நின்றுகொண்டே இருந்தார்கள்.

"எடுத்துட்டீங்களாக்கா? வாய் வலிக்குது."

"எடுத்துட்டேம்மா."

"சத்தமே கேக்கல?"

"பேட்டரி இல்லாம சும்மா புடிச்சினு இருக்காங்க போல" என்று மாப்பிள்ளை அவள் காதில் சொன்னார். அவள் அவர் தோளில் சாய்ந்து சிரித்தாள். அதையும் எடுத்தேன். பிற்பாடு ஆல்பத்தின் அட்டைக்கு அவள் கேட்டது அந்தப் படத்தைத்தான்.

அடுத்த வாரம் பாண்டிச்சேரியில் கேமரா பழுது பார்ப்பவரிடம் போனேன். லென்ஸைக் கழற்றி விளக்கடியில் காட்டினார். காகிதம் போன்ற தகடுகள். ஒன்றின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்புக்காத்துங்க. தொடைச்சுத் தரேன், ஆனா ரொம்ப நாள் நிக்காது. தகடு மட்டும் தனியா கிடைக்காது. மாத்துனா முழு ஷட்டரையும்தான் மாத்தணும்."

துடைத்தால் போதும் என்றேன். மற்ற தகடுகளெல்லாம் நன்றாயிருக்க, முழுவதையும் தூக்கிப்போட மனம் வரவில்லை.

ஒரு ஞானஸ்நானத்துக்குத் தாங்கியது. அடுத்து வந்த காதுகுத்தில் மறுபடி பட்டை. மண்டப விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிப்பதால் எலெக்ட்ரானிக் ஷட்டரும் உதவவில்லை. படமெல்லாம் கோடு கோடாக வந்தது. வீடியோ எடுக்க வந்தவரிடம் கேமரா இரவல் வாங்கிச் சமாளித்தேன்.

மறுநாள் நேராகப் பாண்டிச்சேரி. "முழுசா மாத்திடுங்க" என்றேன். அவர் ஸ்க்ரூக்களைக் கழற்ற ஆரம்பித்தார். புது ஷட்டர் பொருத்தியதும் இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். சத்தம் முன்னைவிடக் கொஞ்சம் கனமாக இருந்தது.

"பழசு வேணுங்களா?"

"வேணாங்க, நீங்களே வெச்சுக்குங்க."

"ஸ்க்ரூ, ஸ்பிரிங் எதனா ஆவும்" என்று அதை ஒரு டப்பாவில் போட்டு மூடினார்.