ரெண்டு சீட்டுக் கார்

கார் என்றால் என் மாமாவுடைய கார்தான், மற்றதெல்லாம் தகர டப்பா. நான்காம் வகுப்பில் இதைச் சொல்லியே எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறேன்! அம்மாவின் தம்பியான மாமா திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருந்தார். வால்பாறை எஸ்டேட் ஒன்றில் தார்ப்பாய்க்கடியில் கிடந்த பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்து, சிவப்புப் பெயின்ட் அடித்து ஓட்டினார். அம்மாவைவிட வயதில் மூத்த வண்டி. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. நாலு நாளைக்கு ஒரு நாள் தள்ளினால்தான் கிளம்பும். கிளம்பிவிட்டாலோ, அடேங்கப்பா!

அதே வருஷம் அப்பா ஏழு பேர் உட்காரும் புது வண்டி எடுத்தார். ஏசி, பட்டனை அமுக்கினால் இறங்கும் கண்ணாடி, பின்னால் அரிசி மூட்டை போட இடம். சாவியைத் திருகினால் சமர்த்தாகக் கிளம்பும். எனக்கு அதில் ஏறினாலே வாந்திதான்.

மாமாவுக்குப் பெண் பார்க்க வெள்ளகோவில் போனோம். எல்லோரும் ஒரே வண்டியில் போகலாம் என்று அம்மா கெஞ்சியும் மாமா கேட்கவில்லை. தன் காரை எடுத்து, பக்கத்து சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டார். "ஆரு என்ன கேட்டாலும் பொய் சொல்லக் கூடாது கண்ணு" என்றார் வழியில். நான் எதற்குப் பொய் சொல்லப்போகிறேன்?

பெண் வீட்டு வாசலில் அவளுடைய பெரியப்பா, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல முதலில் அப்பாவின் வண்டியைத் தட்டிப் பார்த்தார். "குடும்பத்துக்கு ஏத்த வண்டிங்க" என்றார். பிறகு எங்கள் காரைச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க மாப்ள, இதுல பெத்தவங்கள எங்கீங்க உக்கார வெப்பீங்க?"

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் காரையா குறை சொல்வது?

"ரெண்டு சீட்டே போதுங்க. நான் இல்லாதப்ப மண்ணரையிலருந்து வர்ற செக்கிங் அக்கா உக்காந்துக்குவாங்க. அவங்களுக்கு இந்தக் காருன்னா உசுரு. மாமா ஓட்டக்கூடக் கத்துக் குடுத்துட்டாருங்க!"

அம்மா என்னை நறுக்கென்று கிள்ளினாள். பெரியப்பா மாமாவைப் பார்த்து, "அது ஆருங்க?" என்றார்.

"நம்ம கம்பெனில பீஸ் செக்கிங் பண்றவங்க" என்றார் மாமா பணிவாக.

"தெக்கத்தி ஆளுங்களா? வேற சனங்களா?"

"ஆமாங்க."

உள்ளேயிருந்து பஜ்ஜி வாசம் வந்துகொண்டிருந்தது. கை நனைக்காமலே திரும்பினோம். பெண்ணைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

"என்ற தம்பி கல்யாணத்தக் கெடுத்துப்போட்டயே!" என்று அம்மா அழுதாள். மாமாவின் வாழ்க்கையே என்னால் போச்சு என்று நானும் ஓவென்று அழுதேன். மாமா என்னைத் திரும்பவும் தன் காரிலேயே ஏற்றினார். காங்கேயத்தில் நிறுத்தி ஒன்றுக்கு இரண்டாக ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெழமை உடுமலைப்பேட்டைல ஒரு எடம் பாக்கறாங்களாமா. நீயும் வந்துரு கண்ணு" என்றார்.

காரைப் பற்றி எடுத்துப் பேச என்னை விட்டால் ஆளில்லை என்றுதானே மாமா கூப்பிடுகிறார் என்று எனக்கு ஒரே பெருமை.