ஆங்கிலம் அறியாத தேர்வாளர்

கடல் கடந்த கரும்புத் தீவின் சபேட்டோப் பள்ளத்தாக்கில், அங்குக் குடியேறிய தென்னாட்டாராகிய நம் சங்கம் நடத்திய பள்ளியில் நான் தமிழாசிரியனாக இருந்த காலம். ஆங்கிலத் தேர்விலும் தேறினால்தான் அங்கே என் பணி நிலைக்கும் என்று ஓலை வந்தது. தேறாவிடில் வேறூருக்குப் பெயர வேண்டும். என் மனைவிக்கு அவ்வீட்டைப் பிரிய மனமில்லை. கொல்லையில் அவள் நட்ட முருங்கை அப்போதுதான் தழைக்கத் தொடங்கியிருந்தது.

தேர்வு வாய்மொழியாக நடக்கும். ஒன்றைப் போல் மற்றொன்று மயக்கும் சொற்களை இணையிணையாகக் கேட்பார்கள். ஆகவே பள்ளி விட்டதும் அடுக்களை வாயிலில் அமர்ந்து உரக்கச் சொல்லிப் பழகினேன். அவள் சேம்பு போன்ற தலோக் கிழங்கின் தோலைச் சீவியபடி கேட்டிருப்பாள். ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அவள் அறியாள்.

‘லெண்ட்’ இரவல் கொடுத்தல், ‘பாரோ’ இரவல் வாங்குதல் என்றேன். ‘அக்செப்ட்’ ஏற்றல், ‘எக்செப்ட்’ நீங்கலாக என்றேன். கத்தி ஓடிக்கொண்டிருந்தது. ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ என்னும் இணைக்கு வந்தபோது நின்றது.

“இது டீக் இல்லங்க, சரியா வரல.”

“உனக்கென்ன தெரியும் இங்கிலீசு?”

“இங்கிலீசு தெரியாது, உங்களத் தெரியும். மத்ததெல்லாம் ஏலம் போடுற மாதிரி சொன்னீங்க. இதுக்கு மட்டும் எங்கப்பாகிட்ட பொண்ணு கேக்க வந்த அன்னைக்கு மாதிரி முனகுறீங்க.”

அகராதியைப் புரட்டினேன். இரண்டின் பொருளையும் இடம் மாற்றியே சொல்லியிருந்தேன்.

அன்று முதல் அவள் ஒரு முறை வகுத்தாள். குரல் உறுதியாக ஒலித்த இணைக்கு ஒரு துண்டு கிழங்கு சட்டியில் விழும். தடுமாறியதற்குரிய துண்டு முறத்திலேயே கிடக்கும். சில மாலைகளில் குழம்பில் வெறும் புளிநீரே மிஞ்சியது. அதையும் முகம் சுளிக்காமல் உண்டோம்.

லவுட்டோக்கா நகரில் தேர்வதிகாரி பல இணைகளைக் கேட்டுவிட்டு, இறுதியில் அந்த ‘அஃபெக்ட்’, ‘எஃபெக்ட்’ இணைக்கே வந்தார். மழை கரும்பைப் பாதிக்கிறது என்று வினையாகச் சொல்ல முன்னது, அதனால் நேர்ந்த விளைவைப் பெயராகச் சொல்லப் பெரும்பாலும் பின்னது என்று விடை கூறினேன். ஏலம் போடும் குரல் தானே வந்தது. அவர் எழுதுகோலை மூடி வைத்துப் புன்னகைத்தார்.

முடிவு வந்த அன்று அவள் ஒன்றுதான் கேட்டாள்.

“இங்கியேதான இருக்கோம்?”

“இங்கேயேதான்.”

குடத்தை எடுத்துக்கொண்டு முருங்கைக்கு நீர் வார்க்கப் போனாள்.

மறுவாரம், அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த என் உடனாசிரியர், தென்னாட்டு முசுலிம் குடும்பத்தவர், புத்தகத்தோடு எங்கள் வாயிலில் நின்றார்.

“அக்கா, நான் சொல்றதையும் கொஞ்சம் கேக்கணும்.”

“கேக்குறேன் தம்பி. நல்லா சத்தமா சொல்லணும். பசியோடதான வந்தீங்க?”

“ஆமாக்கா.”

“அப்ப தப்பில்லாம சொல்லுங்க,” என்று கூறி, பரணிலிருந்த பெரிய சட்டியை இறக்கினாள்.