இருபத்துநான்கு போர்ட், இரண்டு தடவை

கசாமா நகர ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் மும்பி மூன்று வருடமாகத் தற்காலிகப் பணியாளர். அன்று மதியம் இரண்டு மணிக்குக் கணினித் தேர்வு. நேரத்துக்குத் தொடங்கினால் நிரந்தர வேலைக்குக் கையெழுத்துப் போடுவதாக கல்லூரி முதல்வர் முதாலே சொல்லியிருந்தார். இருபத்துநான்கு கணினிகளும் ஒரு புது நெட்வொர்க் ஸ்விட்ச் வழியாகத்தான் தேர்வு சர்வருக்குப் போக வேண்டும். அதைத் தயார்செய்வது அவள் பொறுப்பு.

நானும் அதே அலுவலகம்தான். லுவிங்குவுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் என் ஊர். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். மும்பி வயரிங் வேலையிலிருந்து வந்தவள். என்னை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்த ஸ்விட்சோடு கறுப்புத் திரையில் எழுதித்தான் பேச முடியும். வீட்டு அறைகள் மாதிரி நிலைக்குள் நிலை. கடைசியில், கேபிள் செருகும் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு சின்ன அறை. ஒரு நிலையில் எழுத வேண்டியதை இன்னொரு நிலையில் எழுதினால் பிழை என்று காட்டிவிட்டு அசையாமல் நிற்கும்.

எட்டு மணியிலிருந்து ஒவ்வொரு போர்ட்டாக நுழைந்து அதே வரிகளை எழுதி, பத்தே முக்காலுக்கு முடித்தாள். சேமிக்கவில்லை. மறதியில்லை, அதுதான் எங்கள் வழக்கம். சோதித்துப் பார்க்கும்வரை சேமிக்க மாட்டோம். தப்பாகிவிட்டால் பிளக்கைப் பிடுங்கிச் செருகினால் பழைய நிலைக்கு வந்துவிடும். அன்று சாயங்காலம் வர வேண்டிய மின்வெட்டு பதினொன்றுக்கே வந்து, எங்களுக்கு முன்னால் பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

ஒன்றே காலுக்கு மின்சாரம் வந்தபோது ஸ்விட்சில் ஒரு வரிகூட மிச்சமில்லை.

மறுபடி முதல் போர்ட். அவசரத்தில் அறை மாற மறந்து, ஐந்தாவதுக்கு உரியதையும் நான்காவதிலேயே எழுதினாள். ஐந்தாவது காலியாக நின்றது, திரும்பிப் போய் எழுதினாள். அடுத்ததை அறைக்குள் நுழையாமல் வெளியிலிருந்தே எழுதிவிட்டாள், பிழை. மேசையை ஓங்கித் தட்டினாள். ஒன்று நாற்பது.

“எல்லா போர்ட்டையும் ஒண்ணா சேத்து ஒரே தடவையில எழுதலாம், மும்பி,” என்றேன்.

அவள் திரும்பவில்லை. “உனக்கு இது எப்பலேருந்து தெரியும்?”

“படிக்கும்போதே.”

“காலையில பக்கத்து நாற்காலியிலதானே உக்காந்து மரவள்ளிக்கிழங்கும் கடலையும் தின்னுட்டு இருந்த?”

அவளாக வந்து கேட்கட்டும் என்றுதான் இருந்தேன். எழுத வேண்டிய வரியை மட்டும் சொன்னேன். எழுதினாள், வெளியே வந்து உடனே சேமித்தாள். மூன்று கணினிகள் முரண்டு பிடித்தன. தேர்வு இரண்டு ஏழுக்குத்தான் தொடங்கியது.

முதல்வர் காரணம் கேட்டார். மின்வெட்டு என்றாள். மின்வெட்டு எல்லோருக்கும்தானே என்றார். அவள் என் பேரை எடுக்கவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. சுருக்கு வழி எனக்குத் தெரியும், காலையிலேயே சொல்லாதது என் தப்பு என்றேன். தப்பைத்தான் சொன்னேன், அவர் காதில் அது திறமையாக விழுந்தது. இனி ஸ்விட்ச் வேலையை என்னையே பார்க்கச் சொன்னார். மும்பிக்கு இன்னும் மூன்று மாதம், தற்காலிகமாகவே.

அவர் போனதும் அவள் ஸ்விட்சோடு பேசும் கேபிளைச் சுற்றி என் மேசையில் வைத்தாள்.

“திங்கக்கிழமை லைப்ரரி ஸ்விட்ச் இருக்கு, டிகிரி. நீயே பாத்துக்க. நான் வயர் இழுத்துத் தரேன்.”