கம்பளத்தில் வைத்த கால்

மேலவையின் கிழக்குக் கதவைக் காப்பவரை எல்லோரும் 'பூட்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். வேலைக்காக வந்த பட்டப்பெயர் இல்லை, குணத்துக்காக வந்தது. வீட்டைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற மனிதர். பால்காரர் சிரித்தால் பாலில் தண்ணீர், மருமகன் சிரித்தால் வேறு ஏதோ என்று சந்தேகப்படுவார்.

அதற்கும் ஒரு காரணம் உண்டு. வாலிபத்தில் வெளியூர் வேலைக்குப் போகும்போது வீட்டுச் சாவியைக் கூடப்பிறந்த அண்ணனிடம் நம்பிக் கொடுத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து கதவைத் தட்டினால், முன்பின் தெரியாத ஒரு பெண்மணி இடுப்பில் குழந்தையோடு வந்து, "யாரு வேணும்?" என்றாள். அண்ணன் விற்றுத் தின்றுவிட்டிருந்தான். அன்றோடு நம்பிக்கை என்பதை மனிதர் தலைமுழுகிவிட்டார்.

அப்படிப்பட்டவர் அப்புறம் நாயாய் உழைத்துப் பிடித்த வீட்டுக்குத்தான் இப்போது ஆபத்து. குடியிருப்பையே இடித்துத் தள்ளிவிட்டுத் துறைமுகத்துக்குக் கிடங்கு கட்ட ஒரு மசோதா. கீழவையில் நிறைவேறிவிட்டது. இன்று மேலவையில் தோற்றால் வீடு தப்பும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம் என்று கேன்டீன்காரர் முதல் கார் ஓட்டுகிறவர்கள் வரை பேசிக்கொண்டார்கள்.

எதிர்த்து ஓட்டுப் போடுவதாகச் சொன்னவர்களில் டீச்சரம்மாவும் ஒருவர். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்று உறுப்பினரானவர். போன மாதம் குடியிருப்புக்கே வந்து, பூட்டு வீட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, "என் ஓட்டு உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவே உருகிப்போனது. பூட்டு மட்டும் டம்ளரைப் பார்த்தார்.

"பாதி டீயை வெச்சுட்டுப் போயிருக்காங்க. வாக்கையும் பாதியிலதான் விடுவாங்க, பாரு" என்றார் மனைவியிடம்.

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்றாள் அவள்.

காலையில் அவைத்தலைவர் வந்து அமர்ந்ததிலிருந்தே பூட்டின் கண் டீச்சரம்மாவை விட்டு நகரவில்லை. எதிர்க்கட்சிக் கிழவர் ஒருவர் மயங்கி விழுந்து, டாக்டர் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போனபோதும் நகரவில்லை. கேள்வி நேரத்தில் ஓர் அமைச்சர் கேட்காத கேள்விக்கெல்லாம் பதில் சொன்னார். பின்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டார், பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்ததும் விழித்துக்கொண்டு மேசையைத் தட்டினார். இதெல்லாம் தினமும் நடக்கிற கூத்து. ஆனால் மசோதா விவாதத்துக்கு வந்த நேரத்தில், ஆளுங்கட்சிக் கொறடா தானே டீயை ஏந்திக்கொண்டு போய் டீச்சரம்மா கையில் கொடுத்தார். சொந்த மாமியாருக்கே தண்ணீர் மொண்டு கொடுக்காத ஆள். டீச்சரம்மா சிரித்தார். டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

கொறடாவின் டீயை மட்டும் முழுசாகக் குடிக்கிறார் என்று பூட்டு மனதில் குறித்துக்கொண்டார்.

பிறகு டீச்சரம்மா அவர் நிற்கிற கதவுக்கு வெளியே வந்து கைபேசியில் தன் ஓட்டுநரிடம் தணிந்த குரலில் பேசினார். "மணி அடிச்சதும் வண்டிய பக்கவாட்டு கேட்டுக்குக் கொண்டு வந்துடுப்பா. முன்வாசல் வேணாம்."

வேறென்ன சாட்சி வேண்டும்? மேற்குக் கதவுக்காரரிடம் போய்க் குமுறினார்.

"என்னப்பா நீ, உன் நிழலையே நாலு தடவ திரும்பிப் பாக்கற ஆளு" என்று அவர் சிரித்தார். "போய்க் கதவப் பாரு."

கதவு வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஓட்டெடுப்புக்கு மணி அடிக்கும். மணி நின்றதும் தாழ் போட வேண்டும். போட்ட தாழைத் தலைவர் சொல்லாமல் எடுக்கக் கூடாது. ஆனால் போடுவதற்கு முன் காவலர் தலையை நீட்டி நடைபாதையின் இரண்டு பக்கமும் பார்ப்பார். வாசல் சிவப்புக் கம்பளத்தில் யாராவது கால் வைத்திருந்தால் அவர் உள்ளே வந்தவராகக் கணக்கு. எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, எந்தக் கட்சிக்காரரும் மீறியதில்லை.

மணி அடித்தது. நாலா பக்கத்திலிருந்தும் உறுப்பினர்கள் ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தை எதிர்த்துக்கொண்டு டீச்சரம்மா வெளியே போனார். "இதோ வந்துடறேன் தம்பி, கதவப் பாத்துக்கங்க" என்று பூட்டின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்தத் தொடல்தான் அவருக்குத் தாங்கவில்லை. அண்ணனும் அன்று சாவியை வாங்கிக்கொண்டு தோளைத்தான் தட்டினான்.

பக்கத்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். டீச்சரம்மாவின் வண்டி முன்வாசலிலிருந்து நகர்ந்துகொண்டிருந்தது. போ, நன்றாகப் போ என்று பல்லைக் கடித்தார். மணி நின்றது. பார்வை வண்டியிலேயே இருக்க, கை தானாகக் கதவை இழுத்துத் தாழ் போட்டது.

மறு நொடி கதவின் கீழ்ப்பக்கத்தில் ஏதோ இடித்தது. சக்கரம்.

"தம்பி, நாங்கதான்" என்றது டீச்சரம்மாவின் குரல், மூச்சு வாங்க. "டாக்டர் ரூம்ல படுத்திருந்தவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன். கம்பளத்துலதான் நிக்கறோம்."

பூட்டுக்கு அப்போதுதான் புரிந்தது. காலையில் மயங்கி விழுந்த எதிர்க்கட்சிக் கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். சக்கர நாற்காலி இறங்கச் சாய்தளம் பக்கவாட்டு கேட்டில்தான் இருக்கிறது; வண்டியை அங்கே வரச் சொன்னது ஓட்டு முடிந்ததும் அவரை வீட்டுக்குக் கொண்டுபோகத்தான். இப்போது கையைத் தூக்கி, "ஐயா, நான் வெளியே பார்க்கவில்லை" என்று தலைவரிடம் சொன்னால் போதும். வேலை போகும், வீடு நிற்கும். வாயைத் திறந்தார். வேலையை நினைத்து ஒரு நொடி தயங்கினார். அதற்குள் தலைவர் ஓட்டெடுப்பைத் தொடங்கிவிட்டார்.

மசோதா ஒரே ஓட்டில் நிறைவேறியது.

டீச்சரம்மா ஓட்டே போடவில்லை என்ற செய்தி பரவ, சாயங்காலம் தெருவில் பூட்டுக்கு ராஜ மரியாதை. "அன்னைக்கே சொன்னாரு, நாமதான் கேக்கல" என்றார் தையல்காரர். "எங்க வீட்டுக்காரர் கண்ணுல மண்ணைத் தூவ முடியுமா?" என்றாள் மனைவி. கல்யாணமான நாள் முதல் அவள் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை. ஒவ்வொரு சொல்லும் அவருக்கு நெருப்பாய்ச் சுட்டது.

அந்த நேரம் பார்த்து டீச்சரம்மா வந்தார். யாரும் நாற்காலி போடவில்லை.

"நேரத்துக்கு உள்ள வர முடியல. என்னை மன்னிச்சுடுங்க" என்றார் வாசலில் நின்று. பூட்டை ஒரு தரம் பார்த்தார், அவ்வளவுதான். இதில் என்ன உள்நோக்கம் என்று வழக்கம்போல் தேடிப் பார்த்தார் பூட்டு. ஒன்றும் அகப்படவில்லை.

மனைவி கதவை டீச்சரம்மா முகத்துக்கு நேரே சாத்தினாள். "தாழ்ப்பாளைப் போடுங்க" என்றாள்.

பூட்டின் கை எழவில்லை. கதவைத் திறந்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "அவங்க நேரத்துக்கு வந்துட்டாங்க. கம்பளத்துலதான் நின்னாங்க. நான்தான் பாக்காம தாழ் போட்டுட்டேன்."

மனைவி அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். வாழ்நாள் முழுக்க அவர் ஊராரைப் பார்த்த அதே பார்வை.

"இத்தன நேரம் ஏன் சொல்லல?" என்றாள். "வேற என்னல்லாம் மறைச்சு வெச்சிருக்கீங்க?"