கீறியா என்று கேட்ட ஊர்

மதராஸ் வந்த புதிதில், சாந்தோமில் அத்தை வீட்டு வாசலில் கூடையை இறக்கிய மீன்கார அம்மா என்னைப் பார்த்து, "நல்லா கீறியாம்மா?" என்று கேட்டாள். நான் ரவிக்கையின் முழுக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன். நம் ரங்கூன் தமிழில் கீறுவது என்றால் கீறுவதுதான். இங்கே அது 'நன்றாக இருக்கிறாயா' என்ற விசாரிப்பு. அத்தை பள்ளிக்கூட வாத்தியாரம்மா. அவள் வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. எனக்கு எப்படித் தெரியும்? என் கையில் நானே உண்டாக்கிக்கொண்ட காயங்கள் இருந்தன. அவள் கண்டுபிடித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

என்னைப் போல ரங்கூனிலிருந்து வந்த உங்களில் பலருக்கு அந்தக் கப்பல்கள் நினைவிருக்கும். ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழ ஆரம்பித்ததும், பத்தொன்பது வயதான என்னை மட்டும் ஏற்றிவிட்டு, "அடுத்த கப்பல்ல நாங்க வந்துருவோம்" என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள். பிறகு கப்பலும் இல்லை, தபாலும் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. சாப்பிட்டேன், ஜெபமாலை சொன்னேன், உள்ளே ஆளில்லாத வீடு மாதிரி இருந்தது. வலித்தாலாவது நான் இருப்பது தெரியும் என்று நினைத்தேன். அதுவும் பொய். வெறுமை அப்படியே இருந்தது, மறைக்க ஒரு காரியம் கூடியது, அவ்வளவுதான்.

அத்தை மகள் ரெஜினாவிடம் மட்டும் சொன்னேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சேசுமேல் ஆணையிட்டாள். மறுநாளே அத்தை என் கையைப் பிடித்துப் பார்த்தாள். திட்டுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன். அது ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம். பாவப் பரிகாரமாக உடம்பை வருத்துவதற்கு எங்கள் கோவில் பாஷையில் ஒறுத்தல் என்று பெயர். அத்தை என் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"ஒறுத்தல் பண்றியாடி?"

"இல்ல அத்தை. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல."

"அந்தத் தாழ்ச்சிதான் ஆண்டவருக்குப் பிடிக்கும்."

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குள் கோவிலுக்கு வரும் பங்கு ஜனம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பெண்கள் என் கையைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ரெஜினா மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சண்டை ஓய்ந்து தபால் ஓட ஆரம்பித்ததும் அத்தை முந்திக்கொண்டு ரங்கூனுக்கு எழுதினாள். அம்மாவின் பதில் வந்தது. அன்றைக்கு ஒரு டிக்கெட்தான் எடுத்தோம், சொன்னால் நீ ஏறியிருக்கமாட்டாய் என்று எழுதியிருந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். கீழே இருந்தது இது: "உன் பக்தியைப் பற்றி அத்தை எழுதினாள். உன்னைக் கன்னியர் மடத்தில் சேர்க்க எங்களுக்குச் சம்மதம். இனி இங்கே வர நினைக்காதே." என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெற்றவளே இப்படிக் கைகழுவினால் யாரிடம் போய்ச் சொல்வது?

கடிதத்தோடு வாசலில் நின்றேன். மீன்கார அம்மா வந்தாள். இத்தனை வருஷமாக அவள் கேட்பதும் நான் தலையாட்டிவிட்டு உள்ளே போவதும் வழக்கம்.

"நல்லா கீறியாம்மா?"

முழுக்கையைச் சுருட்டிவிட்டு, இன்னும் காயம் ஆறவிடாத கையை நீட்டினேன். "கீறேன்" என்றேன். இருக்கிறேன் என்று அவள் தமிழிலும், மற்றதை என் தமிழிலும் ஒரே வார்த்தையில் சொல்லியாகிவிட்டது.

அவள் கூடையை இறக்கினாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் கையை ஏந்திப் பார்த்தாள்.

"இன்னா கண்ணு இது? வலிக்குதா?"

மதராஸில் அதுவரை யாரும் கேட்காத கேள்வி. "வலிக்குது" என்றேன். அதற்கு இரண்டு ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.