பெரியாத்தா போட்ட முடிச்சு

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. கூடுதலான இரண்டும் என் கொழுந்தனார் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவள், என் ஓரகத்தி, ஒவ்வொரு பிரசவத்துக்கும் மாதக்கணக்கில் படுத்துக்கொண்டாள். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தேன். இப்போது பக்கத்து மனையில் அவள் மகன் சுவரை இடித்து ஜன்னல் வைக்கிறான். நான் எட்டிப் பார்த்து, இடிக்கிறதுக்கு முன்னே முட்டுக் கொடுத்தீர்களா என்று ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டேன். திரும்பி என் வாசலுக்கு வருவதற்குள், "அக்காவுக்கு வயிறு எரியுது" என்று அவள் சொன்னது கேட்டது. எனக்குக் கண்தான் மங்கல், காதில் ஒரு பழுதும் இல்லை.

வயிறு எரிகிறதுதான். இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்? அவள் ஜன்னல் என் ஜன்னலைவிடப் பெரியது. ஆனால் நான் கேட்ட கேள்வி வயிற்றிலிருந்து வந்ததில்லை. அது எங்கிருந்து வந்தது என்று சொல்லத்தான் பேத்தியைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். எனக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் எழுதினால் எழுத்துகள் ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது இருக்கும். கீரனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். ஊரில் பாதிப் பேர் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். நாங்களும் அப்படித்தான். தாத்தா கட்டிய வீட்டை அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுந்தது. முன்பாதி பெரியப்பாவுக்கு, பின்பாதி எங்களுக்கு. கிணறும் அடுப்படியும் எங்கள் பக்கம் வந்தன. தலைவாசல் அவர்கள் பக்கம் போயிற்று.

கிணறு வந்ததை ஆத்தா ஒருநாளும் பேசியதில்லை. தலைவாசல் போனதைப் பேசாத நாள் இல்லை. அது பலா மரத்து நிலை. மேல்கட்டையில் திராட்சைக் கொடி செதுக்கி, கொடிக்கு நடுவில் ஒரு சிலுவை. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களோ சந்தில் நுழைந்து, மாட்டுக் கொட்டகையைச் சுற்றி, கொல்லைப் படலைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பாஸ்குப் பண்டிகை, அதுதான் ஈஸ்டர், முடிந்து கோயில் சாமியார் வீடு வீடாகத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்க வருவார். பெரியப்பா வீட்டுக்குள் தலைவாசல் வழியாக நிமிர்ந்து நுழைவார். அங்கே ஜெபம் முடித்து, கொட்டகையைச் சுற்றி எங்களிடம் வந்து சேரும்போது அங்கியின் ஓரத்தில் சாணி பட்டிருக்கும், தீர்த்தச் செம்பின் அடி தெரியும்.

"முழுச் செம்பும் அவ வீட்டுக்கு, வழிச்சு ஊத்துறது நமக்கு" என்று ஆத்தா அடுத்த பாஸ்கு வரைக்கும் சொல்வாள். அவள் என்றால் பெரியாத்தா, பெரியப்பாவின் மனைவி. பெரியாத்தா வெள்ளையடித்தால் மறுநாளே ஆத்தா சுண்ணாம்பில் நீலம் கலந்து அடிப்பாள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் அம்மி சத்தம் கேட்டால், என்ன அரைக்கிறார்கள் என்று சுவரில் காதை வைப்பாள். நானும் பக்கத்தில் போய் வைப்பேன். பொறாமைப்படுவது எங்கள் வீட்டில் விளக்கேற்றுவதைப் போல, வேளை தவறாமல் நடந்தது.

அந்த வருஷம் அக்காவைப் பெண் பார்க்க வருகிறோம் என்று கீரனூரிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். மாப்பிள்ளை வாத்தியார் வேலை. ஆத்தாளுக்குச் சந்தோஷம் ஒரு நிமிஷம்தான் இருந்தது. அடுத்த நிமிஷம் முகம் சுருங்கிவிட்டது.

"சம்பந்தி வீட்டுக்காரவுங்க மாட்டு மூத்திரத்தை மிதிச்சுக்கிட்டு வரணுமா?"

பெரியாத்தா கேள்விப்பட்டு, "நம்ம வாசல்தானே, அது வழியா வரட்டுமே" என்று சொல்லி அனுப்பினாள். ஆத்தாளுக்கு அது நெருப்பை அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. "நம்ம வாசலாம்ல! எப்ப இருந்து?" என்றாள். சந்துப் பக்கச் சுவரை உடைத்துப் புதிதாக ஒரு வாசல் வைத்தே ஆக வேண்டும் என்று அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

அப்பா உழவர். கொத்து வேலை தெரியாது. மண் வரப்பு வெட்டுகிறவருக்கு மண் சுவர் வெட்ட வராதா என்று அவரே இறங்கிவிட்டார். நிலை செய்ய மட்டும் ஆசாரியிடம் வேப்ப மரம் கொடுத்தாகிவிட்டது. அவர் அளவு கேட்டார். ஆத்தா என்னைக் கூப்பிட்டு, கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, பெரியாத்தா கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்துத் தலைவாசலின் உயரத்தை அளந்துவரச் சொன்னாள். எங்கள் வாசல் அதைவிட நாலு விரல் உசரமாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

நான் முக்காலி போட்டு ஏறி நின்றும் கை திராட்சைக் கொடிக்கு எட்டவில்லை. எம்பிக்கொண்டிருந்தபோது பின்னால் பெரியாத்தாளின் குரல் கேட்டது.

"என்னடி, எங்க வாசலுக்குச் சட்டை தைக்கப் போறீங்களா?"

"சும்மா பாத்தேன், பெரியாத்தா."

"சும்மா பாக்குறவ முக்காலி தூக்கிக்கிட்டா வருவா? எறங்கு. கொண்டா இப்பிடி. கீழ் நுனியை நீ மிதிச்சுக்க."

கயிற்றை வாங்கி நிலையை ஒட்டி மேலே இழுத்துப் பிடித்தாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு முடிச்சுப் போட்டாள். அந்த முடிச்சு திராட்சைக் கொடிக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. நான் கண்ணால் பார்த்தேன். கயிற்றைச் சுருட்டி என் கையில் வைத்து, கூடவே ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுத்து, "ஆத்தாகிட்ட இதுதான் அளவுன்னு சொல்லு" என்றாள்.

கருப்பட்டியையும் தின்றேன், நடந்ததையும் ஆத்தாளிடம் சொன்னேன். என்னைக் கருப்பட்டிக்கு வாங்கிவிட முடியுமா?

ஆத்தா கயிற்றை விரித்துப் பார்த்தாள். "ஒரு சாணை முழுங்கிட்டாளே! நம்ம சம்பந்தி கோழிக்கூட்டுக்குள்ள போற மாதிரி குனிஞ்சு நொழையணும்னு ஆசை அவளுக்கு" என்றாள். முடிச்சுக்கு மேலே ஒரு சாண் அளந்து, அதற்கு மேல் நாலு விரலும் சேர்த்து, இன்னொரு முடிச்சுப் போட்டாள். அந்த மேல் முடிச்சுத்தான் ஆசாரியிடம் போனது.

சுவரில் கரிக்கோடு போட்ட அன்று சந்தில் ஒரு திருவிழாக் கூட்டம். ஊரில் சொந்தமாக ஒரு கூரை வைத்திருந்தவர் எல்லாரும் யோசனை சொல்ல வந்துவிட்டார்கள். மேலே இருந்து வெட்டு என்றார் ஒருவர். கீழே இருந்து வெட்டினால்தான் மண் உதிராது என்றார் அவர் மச்சான். சுவரை முதல்நாளே தண்ணீர் ஊற்றி நனை என்றார் மளிகைக்கடைக்காரர். இப்போதெல்லாம் சிமெண்டுதான், மண்ணாவது ஒன்றாவது என்றார் வீட்டுக்குச் சிமெண்டு பூசி அது பாளம் பாளமாக உதிர்ந்துகொண்டிருந்த ஒருவர். அப்பா யார் மனதையும் நோகடிக்க மாட்டார். மேலேயும் கொஞ்சம் வெட்டினார், கீழேயும் கொஞ்சம் வெட்டினார், தண்ணீரும் ஊற்றினார். ஆத்தா எல்லாருக்கும் மோர் கொடுத்தாள்.

பெரியாத்தாளும் வந்தாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று கரிக்கோட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"தங்கச்சி, வாசலை ஒரு முழம் அங்கிட்டுத் தள்ளி வச்சா நல்லாருக்குமோன்னு பாத்தேன்."

"அங்கிட்டுத்தான் சாக்கடை ஓடுது, அக்கா. வர்றவுங்க கால் கழுவிட்டு வரட்டும்ங்கிறீங்களா?"

சந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். பெரியாத்தா இன்னும் ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "ஒங்க செவரு, ஒங்க இஷ்டம்" என்று போய்விட்டாள். அவளுக்கு மட்டும் மோர் கொடுக்கவில்லை.

மறுநாள் அப்பா கோட்டின் மேல்விளிம்பு வரைக்கும் வெட்டி முடித்தார். ஓட்டை வழியாகச் சந்து தெரிந்தது, வெளிச்சம் வந்தது. ஆத்தா வெளிச்சத்தில் நின்று, "பாத்தியா, எம்புட்டு ஒசரம்!" என்றாள். சொல்லி வாய் மூடவில்லை, மேலிருந்து மண் பொலபொலவென்று கொட்டியது. முதலில் கைப்பிடி அளவு. அப்புறம் கூடை அளவு. கூரையைத் தாங்குகிற உத்தரத்தின் நுனி அந்தச் சுவருக்குள்தான் உட்கார்ந்திருந்தது. பூச்சுக்குள் மறைந்திருந்ததால் எங்கள் கண்ணில் பட்டதே இல்லை. உட்கார இடம் இல்லாமல் அது ஒரு பக்கமாக இறங்க ஆரம்பித்தது. ஓடுகள் சரிந்து சந்தில் விழுந்தன. அப்பா வெளியே தாவினார். அக்கா உள்ளே அடுப்படியில் இருந்தாள். ஆத்தா அவள் பெயரைச் சொல்லி அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்தப் புழுதிக்குள்ளே கொல்லைப் பக்கமாகப் பெரியப்பாவும் பெரியாத்தாளும் ஓடி வந்தார்கள். இரண்டு பேர் தோளிலும் ஒரு பனங்கட்டை. பெரியாத்தா அக்காவை ஒரு கையால் வெளியே இழுத்துவிட்டு, மறு கையால் கட்டையை உத்தரத்துக்கு அடியில் நிமிர்த்தினாள். "கீழ ஒரு கல்லைக் குடுங்க! மசமசன்னு நிக்காதீங்க!" என்றாள். அப்பா கல்லைத் தள்ளினார். கட்டை உத்தரத்தின் வயிற்றில் போய்ப் பொருந்தி நின்றது. இறங்கியது அதோடு நின்றுவிட்டது. தட்டிச் செதுக்க ஒரு விரல்கூட மிச்சம் இல்லை.

ஆத்தா அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்ததும் கட்டையைப் பார்த்தாள்.

"கட்டை எப்பிடி அக்கா அளவா இருக்கு?"

"கெடந்துச்சு" என்றாள் பெரியாத்தா. தலையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு போனாள்.

அன்றைக்கு ஆத்தா எங்களுக்கெல்லாம் அதற்கு விளக்கம் சொன்னாள். விழும் என்று தெரிந்து கட்டை வெட்டி வைத்திருக்கிறாள் என்றால் விழ வேண்டும் என்று எத்தனை நாள் ஜெபமாலை உருட்டியிருப்பாள் என்றாள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. விழ வேண்டும் என்று நினைக்கிறவள் எதற்கு முட்டுக்கட்டை வெட்ட வேண்டும் என்று கேட்க அந்த வயதில் தோன்றவில்லை.

சம்பந்திகள் கடைசியில் தலைவாசல் வழியாகத்தான் வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் திராட்சைக் கொடியை அண்ணாந்து பார்த்து மெச்சினார். ஆத்தா சிரிக்காமல், "எங்க மாமனார் வச்ச வாசலுங்க" என்றாள். பெரியாத்தா காதில் விழாத மாதிரி தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். முழு வீடும் எங்களுடையது என்றே அவர்கள் நினைத்துக்கொண்டு போனார்கள். கல்யாணமும் கூடிவிட்டது. "எப்பிடியோ அவ வாசல் வழியா வர வச்சுட்டா, அதுக்குத்தான் இம்புட்டும்" என்று ஆத்தா முடித்தாள்.

பெரியாத்தா அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது வீடு ஒன்றாக இருந்தது. எங்கள் பின்பாதிதான் அவள் அடுப்படி. பாகம் பிரிக்கிற வரைக்கும் அந்தச் சந்துச் சுவருக்கு வருஷா வருஷம் மண் பூசி மெழுகியது அவள் கைதான். எந்த இடத்தில் உத்தரம் உட்கார்ந்திருக்கிறது என்று அவள் கைக்குத் தெரியும். எங்கள் பக்கங்களில் கல்யாண வேலை தொடங்கின இடத்தில் 'விழும்' என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். எடுத்து, அது விழுந்தும் விட்டால், ஆத்தா அவளைச் சும்மா விட்டிருப்பாளா? அதற்காகப் பெரியாத்தாதான் தெரிந்தும் சும்மா இருந்துவிட முடியுமா? இதெல்லாம் நானே ஒரு வீட்டுக்கு மூத்த மருமகளாகப் போய், நானே ஒருத்தருக்குப் பெரியாத்தாவான பிறகு யோசித்தது. அன்றைக்குக் கண்ணால் பார்த்த ஒன்றுகூட எனக்கு விளங்கவில்லை.

அக்கா கல்யாணம் முடிந்த பிறகு அப்பா சுவரைச் சரிக்கட்டி, உத்தரத்தைப் பழைய இடத்தில் உட்கார வைத்தார். ஆசாரி செய்த நிலை உத்தரத்துக்கு அடியில் நுழையவில்லை. நிலையின் கால்களை அறுக்க வேண்டும். எவ்வளவு என்று பார்க்க, மாடத்தில் கிடந்த அந்த அளவுக்கயிற்றை எடுத்துச் சுவரை ஒட்டிப் பிடித்தார். கீழ் நுனியை நான்தான் மிதித்துக்கொண்டிருந்தேன். உத்தரத்துக்கும் வாசலுக்கும் நடுவில் எவ்வளவு சுவர் வேண்டுமோ அவ்வளவு விட்டு, கீழ் முடிச்சு கச்சிதமாக நின்றது. அப்பா கட்டைவிரலை அதன்மேல் வைத்தபடி அப்படியே நின்றார்.

"இந்த முடிச்சு யாரு போட்டது?"

"கீழ உள்ளது பெரியாத்தா. மேல உள்ளது ஆத்தா."

அவர் நடுச்சுவரைப் பார்த்தார். அந்தப் பக்கம் பெரியாத்தா எதையோ அரைத்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பா மேல் முடிச்சை நகத்தால் நெம்பி மெதுவாக அவிழ்த்தார், கயிற்றை நீவிவிட்டார், மாடத்தில் பழையபடி வைத்தார். கயிறு வீணாகக் கூடாது என்று அவிழ்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

சரி, எழுதியது போதும். முதலிலிருந்து படி, பார்ப்போம். முணுமுணுக்காமல் சத்தமாகப் படி, தாயே. என் ஓரகத்தி அவ்வளவு பெரிய ஜன்னல் வைக்கிறாளே, அது வழியாக அவள் காதிலும் கொஞ்சம் விழட்டும்.