பூட்டியாச்சு என்று நான் சொன்னது

"இன்னாசி போயிட்டார்" என்று சனிக்கிழமை காலை போனில் சொன்னார்கள். "எந்த மரத்துலேர்ந்து?" என்பதுதான் என் வாயில் முதலில் வந்த கேள்வி. பேசியவர் எங்களோடு பல படங்களில் வேலை செய்த ஒலிப்பதிவாளர். "மரமெல்லாம் இல்லப்பா. ஹார்ட் அட்டாக். முனிர்கா வீட்டுல பால் வாங்கிட்டு வந்து உக்காந்தவர் அப்படியே போயிட்டார்" என்றார். போனை வைத்ததும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

இதைப் படிக்கும் படத்தொழில்காரர்கள் பலரும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பீர்கள். "அவரா, பரணைச் சரியாகக் கட்டாமல் ஆளை விழவைத்தவராச்சே" என்ற பேச்சு மூன்று வருடங்களாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேச்சு எங்கே பிறந்தது என்று உயிரோடு இருப்பவர்களில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். புகழ்ந்துவிட்டுப் போக வரவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். இன்னாசி தூத்துக்குடிக்காரர். தில்லியில் காட்டுயிர்ப் படம் எடுக்கிற குழுக்களுக்கு மரத்தில் பரண் மாட்டித் தருவது அவர் தொழில். மூங்கில் பரண் இல்லை. வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் முதுகில் சுமந்து போய் மாட்டுகிற அலுமினியப் பரண். உட்கார ஒரு பலகை, கால் வைக்க ஒரு தட்டு, மரத்தோடு இறுக்க இரண்டு பட்டைகள், ஏறுவதற்குத் துண்டு துண்டாக ஏணி. இங்கே வேட்டை குற்றம் என்பதால் நாங்கள் அதில் கேமராவோடு உட்கார்ந்தோம். நான் தில்லி மோதி பாக் அரசாங்கக் குடியிருப்பில் வளர்ந்த கேமராக்காரன். 'அச்சா' போடாமல் எனக்கு ஒரு வாக்கியம் முடியாது. "உம்ம தமிழுக்குள்ள ஒரு இந்திக்காரன் ஒளிஞ்சிருக்கான் வே" என்று கிண்டல் செய்வார். அவர் ஊர்ப் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடப் பழகினேன்.

பரணைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கே அவரிடம் ஒரு ஒழுங்கு இருந்தது. பழைய சாரத்தை, அதாவது லுங்கியை, கிழித்து ஒவ்வொரு உலோக மூட்டிலும் சுற்றுவார். தொங்குகிற கம்பியைச் சைக்கிள் ட்யூபால் கட்டுவார். சத்தம் வந்தால் மிருகம் ஓடிவிடும் என்பது இரண்டாவது காரணம். தொங்குகிற கம்பி முள்ளில் மாட்டினால் நடக்கிறவன் குப்புற விழுவான் என்பதே முதல் காரணம். ஏறும்போது கையிலோ தோளிலோ எதுவும் இருக்கக் கூடாது. ஏறி, தன்னை மரத்தோடு கட்டிக்கொண்ட பிறகுதான் சாமானைக் கயிற்றில் இழுக்க வேண்டும். நான் ஒருமுறை கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். "மரம் ஏறுதவனுக்கு ரெண்டு கையும் மரத்துக்கு. மூணாவது கை இருந்தா அதுல கேமராவ வச்சுக்கிடும்" என்றார்.

கோபக்காரர். ஒரு தயாரிப்பு நிர்வாகி அவரைக் கேட்காமல் பரணை மழைக்காலம் முழுவதும் மரத்திலேயே தொங்கவிட்டிருந்தார். அடுத்த படப்பிடிப்பில் அப்படியே ஏறச் சொன்னார். இன்னாசி பரணை இறக்கினார். பட்டையை வளைத்து, வெளுத்துப்போன நூலைக் காட்டினார். "இது வெயில் குடிச்ச பட்டை. ஆளத் தாங்காது." "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பய்யா" என்று அண்ணன் முறை வைத்து இந்தியில் கெஞ்சினார் நிர்வாகி. இன்னாசி கத்தியை எடுத்துப் பட்டையை இரண்டாக அறுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அன்று படப்பிடிப்பு நடக்கவில்லை.

இனி நான் சொல்ல வந்தது. ஏறுகிறவன் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு பெல்ட்டில் நெஞ்சுக்கு ஒரு பட்டை, தொடைகளுக்கு இரண்டு பட்டை, மரத்தோடு கட்ட ஒரு கயிறு. யாரையும் மேலே அனுப்பும் முன் அவர் மூன்று கேள்வி கேட்பார். "நெஞ்சு?" "தொடை?" "கயிறு?" மூன்றுக்கும் "பூட்டியாச்சு" என்று உரக்கப் பதில் சொல்ல வேண்டும். பதிலை அவர் நம்ப மாட்டார். ஒவ்வொரு பட்டைக்கும் அடியில் இரண்டு விரலை நுழைத்து இழுத்துப் பார்ப்பார். "கேக்குறது உமக்கு. விரல் எனக்கு" என்பார். மேலே என்ன நடந்தாலும் கீழே நின்றவர்தான் பொறுப்பு என்பது அவர் சொல்.

மூன்று வருடங்களுக்கு முன், மே மாதம். தில்லியின் தெற்கு ஓரத்துக் காட்டில் ஒரு நீர்த்தொட்டி. சாயங்காலம் அங்கே சிறுத்தை தண்ணீர் குடிக்க வந்துகொண்டிருந்தது. எங்கள் அனுமதிக்கு அதுதான் கடைசி நாள். வேம்பில் இருபதடி உயரத்தில் பரண் தயார். மணி நாலரை. எனக்குத் தொடை முழுக்க வேர்க்குரு. பெல்ட்டின் தொடைப் பட்டை பட்டாலே எரிந்தது. இரண்டு பட்டைகளையும் பூட்டாமல், தெரியாதபடி சட்டையை அவற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டேன். இன்னாசியின் போன் விடாமல் அடித்தது. ஜீப்பிலிருந்து நிர்வாகி, "ஜல்தி, ஜல்தி." இன்னாசி போனைக் காதில் வைத்தபடியே கேட்டார்.

"நெஞ்சு?"

"பூட்டியாச்சு."

"தொடை?"

"பூட்டியாச்சு."

கயிற்றுக்கும் அதையே சொன்னேன். அன்று விரல் வரவில்லை.

ஏறினேன். கயிற்றை மரத்தில் சுற்றிக் கொக்கியை மாட்டினேன். கேமராப் பையை இழுத்தபோது அது பாதியில் ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. "இழுக்காதேயும், கீழ இறக்கும்!" என்று கீழிருந்து கத்தினார். நான் கேட்கவில்லை. குனிந்து கையை நீட்டினேன். கால் வழுக்கியது. கயிறு பிடித்துக்கொண்டது. ஆனால் தொடையில் பிடிப்பு இல்லாததால் பெல்ட் சரசரவென்று மேலே ஏறி அக்குளில் இறுகியது, நெஞ்சுப் பட்டை தொண்டைக்கு வந்துவிட்டது. மூச்சு உள்ளே போகவில்லை. ஏணி ஒரு முழத்தில் இருந்தது. கால் எட்டவில்லை.

அவருடைய பெல்ட் ஜீப்பில் கிடந்தது. பெல்ட் இல்லாமல் மரத்தில் கால் வைக்காத அந்த மனிதர் அன்று வெறும் ஆளாக ஏறி வந்தார். ஏணியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு என் காலுக்குக் கீழே தோளைக் கொடுத்தார். "மிதியும் வே! தோள மிதியும்!" மிதித்தேன். என் முழுப் பாரமும் இறங்கியபோது அவர் தோளில் ஏதோ பிசகிய சத்தம் எனக்கே கேட்டது. அவர் அசையவில்லை. எனக்கு மூச்சு வந்தது, ஏணி கிடைத்தது, இறங்கினோம். தரையில் உட்கார்ந்தபோது பூட்டாத இரண்டு பட்டைகளும் என் இடுப்பிலிருந்து தொங்கின. அவர் அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஜீப்பிலிருந்து ஆட்கள் ஓடி வருவதற்குள், நல்ல கையால், இரண்டையும் பூட்டிவிட்டார்.

படக் கம்பெனியின் விசாரணையில் அவர் சொன்னது ஒரே வாக்கியம். "நான் சரியாப் பாக்கல, அது என் தப்பு." பெல்ட் பூட்டியிருந்தது, ஆள் தொங்கினான், அப்படியானால் பரண்தான் சாய்ந்திருக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். நான் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். என் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. வாயைத் திறக்கவில்லை. அவர் அவருடைய முறைப்படிதான் பேசுகிறார், கீழே நின்றவர் பொறுப்பு என்பது அவரே சொன்னதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எனக்கு வேலை நிரந்தரமானது. அவரை அதற்குப் பிறகு எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. மாடிச் சுவர்களில் ஏ.சி. மாட்டுகிறவர்களோடு போய்க்கொண்டிருந்தார். இடது தோள் கடைசிவரை முழுதாக உயரவில்லை.

முனிர்காவில் இருந்த அவர் வீட்டுக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். "பெல்ட் ஒழுங்காப் போடுதீரா?" என்று கேட்பார். "போடறேன் அண்ணாச்சி" என்று சிரிப்பேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு மனைவியிடம் இன்னொரு காபி போடச் சொல்வார்.

அடக்கம் முடிந்த மறுநாள் அவர் மனைவி ரீத்தா அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லிட்டாக தம்பி. எனக்குத்தான் மனசு ஆறல. போய்க் கேளுங்கன்னேன். 'அவரே வந்து சொல்லுவாரு, அவசரப்படுத்தாத'ன்னாக. நீங்க வாரப்பல்லாம் ரெண்டாவது காபி போடச் சொல்லுவாகள்ல, அது எதுக்கு? இன்னும் கொஞ்சம் இருந்தா சொல்லிருவீகன்னுதான். நீங்க குடிச்சிட்டுப் போயிருவீக."

அழுதேன். அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை.

அவருடைய பெல்ட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார் அக்கா. எனக்கு அந்தத் தகுதி இல்லை என்று வைத்துவிட்டு வந்தேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று கேள்விகள்தான். இப்போது நான் கீழே நிற்கும்போது கேட்கிறேன். விரலையும் வைக்கிறேன். அவர் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் நான் இன்னும் உண்மையான பதில் சொல்லவில்லை. உங்கள் எல்லோர் முன்னிலையிலும் இப்போது சொல்கிறேன்.

"தொடை?"

"இல்ல அண்ணாச்சி. பூட்டல."